பொட்டு வைத்த முன்சில்லு

நெடுங்கேணிக்கு வந்து பரமலிங்கம் வீடு எது என்று கேட்டால், எந்தப் பரமலிங்கம் என்று திருப்பிக் கேட்பார்கள். கைதடியிலிருந்து குளத்துக் காணிக்கு வந்த குடும்பம், ஐந்து ஏக்கர் வயல், ஒரு பழைய யப்பான் பிக்கப் என்று எவ்வளவு விளக்கினாலும் முகத்தில் வெளிச்சம் வராது. கடைசியில் ஒருவர், “ஓ, உவர் மிச்சமோ!” என்பார். பிறகு படலை வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள்.

அந்தப் பெயர் அவருக்குப் பொருளாதாரத் தடைக் காலத்தில் வந்தது. டீசல் இல்லை. மண்ணெண்ணெயைப் போத்தலில் அளந்து, அதற்குள் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு வண்டி ஓட்டிய காலம். பரமலிங்கம் இறக்கம் கண்டால் எஞ்சினை நிறுத்திவிடுவார். வன்னியில் இறக்கத்துக்கு எங்கே போவது? குளக்கட்டிலிருந்து இறங்குகிற பத்து யார் தூரம்தான். அந்தப் பத்து யாருக்கும் நிறுத்துவார். திரும்ப ஸ்டார்ட் பண்ண நாலு பேர் தள்ள வேண்டும். “ஒரு மூடி எண்ணெய் மிச்சம்” என்பார். தள்ளிய நாலு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த கமலாசனி, அவருடைய மனைவி, சீனி எவ்வளவு போயிற்று என்று சொல்ல வாயெடுப்பார், பிறகு விட்டுவிடுவார்.

பாரம் குறைந்தால் எண்ணெய் குறையும் என்று எவரோ சொன்னது வினையாகப் போயிற்று. அடுத்த நாளே பரமலிங்கம் பிக்கப்பைக் கழற்றத் தொடங்கினார். பின் ஆசனம் வீட்டுக்குள் வந்து, வருகிறவர்கள் இருக்கிற கதிரையாயிற்று. பின் தட்டி கோழிக்கூட்டுக்குக் கதவாயிற்று. பம்பர் வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாயிற்று. ஹோர்ன் வயலுக்குப் போய்ப் பற்றறியோடு சேர்ந்து பன்றி கலைத்தது. உள்ளே தொங்கிய கண்ணாடி மட்டும் பாரத்துக்காகக் கழற்றப்பட்டதல்ல. வெயிலில் பளிச்சிட்டு மேலே போகிற விமானத்துக்கு அடையாளம் காட்டிவிடும் என்று கழற்றியது. அதைக் குசினிக் கப்பில், அடுப்படி மரத்தூணில், மாட்டி, கமலாசனி ஏழு வருடம் அதில் பார்த்துப் பொட்டு வைத்தார்.

அதற்குள் நாலு தரம் இடம்பெயர்ந்தார்கள். நாலு தரமும் பிக்கப்பிலிருந்து கழற்றியவை எல்லாம் வீட்டுச் சாமான்களாகி, அதே பிக்கப்பில் ஏறிப் போய் இறங்கின. அப்படியானால் பாரம் எங்கே குறைந்தது என்று கேட்கக் கூடாது. கேட்டால், “அது வேற கதை” என்பார்.

சண்டை நின்று பாதை திறந்தது. வவுனியாவிலிருந்து டீசல் வந்தது, சவர்க்காரம் வந்தது, வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கூட வந்தார்கள். பரமலிங்கம் பிக்கப்பைத் திரும்பப் பூட்டத் தொடங்கினார். வந்தவர்கள் பாயில் இருந்தார்கள். கதவில்லாத கூட்டிலிருந்து இரண்டு கோழிகளை நரி கொண்டுபோயிற்று. வாய்க்காலைக் கடக்கும்போது கமலாசனி சேலையை முழங்கால் வரைக்கும் தூக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் பொறுத்தவர், கண்ணாடியைக் கழற்றிய அன்றைக்கு மட்டும் வாய்விட்டுச் சொன்னார்.

“இஞ்சருங்கோ, அதை எடுத்தால் நான் எதிலை முகம் பாக்கிறது?”

“வாகனத்திலை வந்து பார். அதுவும் எங்கட வாகனம்தானே.”

ஒரு கிழமை கமலாசனி அவரோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் குளித்துவிட்டு, குங்குமச் சிமிழோடு பிக்கப்பின் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்து பொட்டு வைத்துவிட்டு இறங்கினார். தெருவால் போனவர்கள் அவர் எங்கோ பயணம் வெளிக்கிடுகிறார் என்று நினைத்து மறித்துக் கேட்டார்கள்.

பரமலிங்கம் கடைசித் திருகாணியை முறுக்கிவிட்டு உள்ளங்கைகளைத் தட்டினார். “எல்லாம் வந்திட்டுது. ஒரு சாமானும் வெளியிலை இல்லை” என்றார். கமலாசனி கிணற்றடியில் நின்றிருந்தார். துலா மரத்தின் கயிற்றை இழுத்து வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார்.

ஆனால் ஒரு குறை இருந்தது. அந்தப் பிக்கப்புக்கு நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். கியர்த் தடிக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டித் தடியைப் போட்டால் முன்சில்லுகளும் சேர்ந்து இழுக்கும் என்றுதான் அதைச் செய்தவன் செய்திருந்தான். பரமலிங்கம் தடியைப் போட்டால் தடி போய் விழும். முன்சில்லு மட்டும் ஏனென்றும் கேட்காது. போன மாரியில் மூன்று தரம் சேற்றில் இறுகி, மூன்று தரமும் மைத்துனன் யோகலிங்கத்தின் உழவு மெசின்தான் வந்து இழுத்தது. யோகலிங்கம் கமலாசனியின் தம்பி. கயிறு கட்டும்போது வாய் சும்மா இருக்காது.

“அத்தான், நாலு சில்லும் இழுக்கும் எண்டியள். இது நாலும் சேந்து படுக்கிற வாகனம்.”

இந்த நிலையில்தான் கிளினிக் கதை வந்தது. காட்டுக்கு அந்தப் பக்கம் நாவலடிக்குளம் என்று ஒரு குடியேற்றம். இருபத்தெட்டுக் குடும்பம். புதன்கிழமை தோறும் சிவலட்சுமி மிஸி அங்கே போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு, நிறை பார்த்து, கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வழியில் தாழ்வு என்று ஒரு இடம். மாரியில் அது பாதையுமில்லை, குளமுமில்லை. மழை முடியும் வரை மிஸியை ஏற்றிப்போக ஒரு வாகனத்தை ஊர்ச் சங்கம் தெரிவுசெய்ய வேண்டும். ஏற்கெனவே யோகலிங்கத்தின் உழவு மெசினின் பின்பெட்டியில் இரண்டு கிழமை போய்வந்த மிஸி, சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்றார்.

“எனக்கு உழவு மெசின் வேண்டாம். குலுங்கினதிலை என்ர தராசு பழுதாப்போச்சுது. போன புதன் நாவலடிக்குளத்திலை எல்லாப் பிள்ளையும் ஒரே கிழமையிலை ஒரு கிலோ கூடியிட்டுது. தாய்மாருக்கு ஒரே சந்தோசம். றிப்போட் எழுத நான்தான் அழுதனான்.”

“பிள்ளையள் நல்லாச் சாப்பிட்டிருக்கலாம் மிஸி” என்றான் யோகலிங்கம்.

“நானும் ஏறிப் பாத்தனான் தம்பி. நானும் ஒரு கிலோ கூடத்தான்.”

பரமலிங்கம் தன் வாகனத்தைத் தருவதாகச் சொன்னார். பிக்கப் தாழ்வைத் தாண்டினால் வேலை பிக்கப்புக்கு, தாண்டாவிட்டால் உழவு மெசினுக்கே என்று சங்கம் முடிவெடுத்தது. பதினைந்து நாள் தவணை.

அன்று வீட்டில் கமலாசனி இன்னொரு தவணை வைத்தார். “உது தாண்டாட்டி வித்துப்போட வேணும். உந்த வாகனத்துக்கு நான் கதிரை குடுத்தனான், கதவு குடுத்தனான், கண்ணாடி குடுத்தனான். இனிக் குடுக்க என்னட்டை ஒண்டுமில்லை.”

வவுனியாவில் நாஸிம் என்று ஒரு பழைய சாமான் வியாபாரி, அதை அப்படியே வாங்கி வெட்டி விற்கக் கேட்டு இரண்டு தரம் ஆள் அனுப்பியிருந்தார். பரமலிங்கம் சாமிப் படத்தைப் பார்த்தார். “இந்த முறை சேத்திலை நிண்டால் நானே நாஸிம் நானாவுக்கு அறிவிச்சுக் குடுக்கிறன். பிள்ளையார் சத்தியம்.” சொன்ன பிறகுதான் திரும்பி வளவில் நின்ற பிக்கப்பைப் பார்த்தார். வெடிச்சத்தத்துக்குள்ளும் அவரை நடுத்தெருவில் விடாத வாகனம் அது. சேற்றில் விட்டதுதான், ஆனால் சேறு வேறு, தெரு வேறு.

அடுத்த நாள் வவுனியாவுக்குப் பஸ் ஏறினார்.

நாஸிமின் கடைக்குள் போனால் கார்களின் வயிற்றுக்குள் போனது போலிருக்கும். நாஸிம் முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போல ஒரு பையோடு வெளிக்கிட்டு, புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, முல்லைத்தீவுக்குக் கிட்டவாவது இருப்போம் என்று வவுனியாவில் கடை போட்டவர். பரமலிங்கத்தைக் கண்டதும் எழும்பினார்.

“வாங்கோ அண்ணை. வாகனத்தைக் கொண்டந்தீங்களோ?”

“இல்லை நானா. வாகனத்துக்குச் சாமான் வாங்க வந்தனான்.”

நாஸிம் திரும்பவும் இருந்துகொண்டார். நோயைக் கேட்டார். பரமலிங்கம் சொன்னார். கேட்டுவிட்டு நாஸிம் தலையை ஆட்டினார்.

“ஹப் போயிற்றுது அண்ணை. உங்கட வாகனத்திலை முன்சில்லுக்கு நடுவிலை இருக்கிற ஹப் தன்ர பாட்டுக்குப் பிடிக்கிற சாதி. தன்ர பாட்டுக்கு விட்டுடும். கையாலை திருப்பிற ஹப் போடுங்கோ.” ஒரு பெட்டிக்குள்ளிருந்து அரைத் தேங்காய் அளவில் இரண்டு இரும்பு மூடிகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு குமிழ், குமிழில் ஒரு அம்புக்குறி. “இறங்கிப் போய் அம்பை ‘லொக்’ எண்ட பக்கம் திருப்பினால் சில்லும் அச்சும் ஒண்டு. ‘ஃபிறீ’ எண்டதுக்குத் திருப்பினால் சில்லு தன்ர பாட்டிலை ஓடும், அச்சு சும்மா நிக்கும். எண்ணெயும் மிச்சம்.”

கடைசிச் சொல்லில் பரமலிங்கம் விழுந்துவிட்டார்.

“கீழை மற்றதெல்லாம் சரியோ? குனிஞ்சு பாத்தனீங்களோ?” என்று நாஸிம் கேட்டார்.

“என்ர வாகனத்தை நான் குனிஞ்சு பாக்கோணுமே? கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன், எந்த ஆணி எங்கை எண்டு.”

உண்மையில் அவரால் குனிய முடியாது. மூன்றாவது இடப்பெயர்வில் அலுமாரி தூக்கியபோது இடுப்பில் பிடித்த நாரிப்பிடிப்பு இன்னும் விடவில்லை. இருந்து செய்கிற வேலை என்றால் நாள் முழுக்கச் செய்வார். வாகனத்துக்குக் கீழே படுத்து ஆறு வருடம்.

நாஸிம் பெட்டியைக் கட்டிக்கொண்டே பெருமூச்சு விட்டார். “நான் வெட்ட வாங்கப்போற வாகனத்துக்கு நானே மருந்து விக்கிறன். எனக்கு வியாபாரம் தெரியாதெண்டு றாபியா சொல்லுறது சரிதான்.” றாபியா அவருடைய மனைவி.

ஓமந்தையில் சாமான் பார்க்கிற இடத்தில் சிப்பாய் பெட்டியைத் திறந்தான். வட்டமான இரும்பு, நடுவில் குமிழ், குமிழில் அம்பு. அவன் முகம் மாறியது. இன்னொருவனைக் கூப்பிட்டான். பரமலிங்கத்துக்குச் சிங்களம் இருபது சொல் தெரியும். அந்த இருபதில் ஹப் இல்லை. ஆகவே செய்து காட்டினால் விளங்கும் என்று நினைத்துக் குமிழைப் பிடித்துத் திருப்பினார். ‘டக்’ என்றது.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னுக்குப் போனார்கள். வரிசையில் நின்ற சனம் நிலத்தில் இருந்துவிட்டது. பரமலிங்கமும், எல்லோரும் பயப்படும்போது தான் மட்டும் நிற்பது சரியில்லை என்று, கையில் ஹப்போடு இருந்துவிட்டார். இருந்தபடியே பக்கத்தில் நின்ற பஸ்ஸின் முன்சில்லைக் காட்டி, கையைச் சுழற்றி, வாயால் எஞ்சின் மாதிரி உறுமினார். கொஞ்சம் தள்ளி நின்ற ஒரு வயதான சார்ஜன் சிரிக்கத் தொடங்கினார். அவர் வீட்டிலும் ஒரு பழைய ஜீப் இருந்திருக்க வேண்டும். வந்து ஹப்பை வாங்கி, இரண்டு தரம் திருப்பி, “ஹொந்தாய், ஹொந்தாய்”, நல்லது நல்லது என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

இந்தப் பக்கம் வந்தால் இயக்கத்தின் தீர்வை மேசை. கண்ணாடி போட்ட ஒருவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். “உது பட்டியலிலை இல்லையே ஐயா. என்ன வகை?”

“சில்லுக்கு மூடி தம்பி.”

அவர் யோசித்துவிட்டு, சட்டி, பானை, மூடி என்றிருந்த வரியில் எழுதினார். பரமலிங்கத்துக்கு அதில் பெரிய திருப்தி. வாகனச் சாமான் என்றால் கூடப் போயிருக்கும். “மிச்சம்” என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த நாள் காலை வளவில் வேலை தொடங்கியது. முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, மரக்குற்றியில் நிறுத்தி, பலகையைப் போட்டுச் சில்லுக்கு முன்னால் சம்மணமிட்டு இருந்தார். யோகலிங்கம் உழவு மெசினை நிழலில் விட்டுவிட்டு, பார்க்க வந்து குந்தினான். பழைய ஹப்பின் ஆறு நட்டும் கழன்றன, ஹப் கழலவில்லை. ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் கூம்பு மாதிரி ஒரு வாசர் இறுகிப்போய் இருந்தது. சுத்தியலால் பக்கத்தில் தட்டத் தட்ட ஒவ்வொன்றாகத் துள்ளி விழுந்தன. அச்சின் நுனியில் ஒரு வளையம், கிளிப் என்பார்கள். அது பிடித்திருந்தால்தான் அச்சு உள்ளே போகாமல் நிற்கும். அதைக் குறட்டால் விரிக்கிறார், விரிக்கிறார், ‘டிங்’ என்று ஒரு சத்தம். யோகலிங்கத்தின் காதை உரசிக்கொண்டு அது கோழிகளின் பக்கம் போயிற்று.

“அத்தான், என்னைக் கொண்டுபோட்டால் உழவு மெசின் உங்களுக்கு வரும் எண்டு நினைக்கிறியளோ?”

மணலுக்குள் சின்ன வளையத்தை எப்படித் தேடுவது? பரமலிங்கத்துக்கு வழி தெரியும். பழைய றேடியோ ஸ்பீக்கரின் காந்தம் ஒன்று இருந்தது. அதைக் கயிற்றில் கட்டி வளவு முழுக்க ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு நடந்தார். முதல் சுற்றில் ஏழு ஆணி. இரண்டாவது சுற்றில் நாலு துவக்குச் சன்னம், சைக்கிள் செயின் துண்டு ஒன்று. மூன்றாவது சுற்றில் தொலைந்துபோன அலுமாரித் திறப்பு. கமலாசனி ஓடிவந்து அதைப் பிடுங்கினார். இரண்டாயிரமாம் ஆண்டிலிருந்து அந்த அலுமாரியைப் பின்பலகையைக் கழற்றித்தான் திறந்தார்கள்.

“உந்த வாகனத்தாலை எனக்குக் கிடைச்ச முதல் நன்மை” என்றார்.

ஐந்தாவது சுற்றில் கிளிப் வந்தது. மத்தியானத்துக்குள் இரண்டு புது ஹப்பும் ஏறிவிட்டன. உள்ளே கிறீஸ், கிளிப், மேலே ஆறு நட்டு, மேல் மூடியின் குட்டித் திருகாணிகள். பரமலிங்கம் அம்பை ‘ஃபிறீ’க்குத் திருப்பிச் சில்லைச் சுற்றினார், சத்தமில்லாமல் சுற்றியது. ‘லொக்’குக்குத் திருப்பிச் சுற்றினார், உள்ளே அச்சும் சேர்ந்து சுற்றுகிற உறுமல் கேட்டது. அவருக்குக் கண் கலங்கியது. யோகலிங்கம்கூட எழும்பி வந்து ஒரு தரம் சில்லைச் சுற்றிப் பார்த்தான்.

புதன்கிழமை காலை தாழ்வுக்குப் போவதற்கு முன் கமலாசனி குங்குமச் சிமிழோடு வந்தார். கோபம் இருந்தாலும் முறை முறைதான். நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். புது ஹப் இரண்டின் முகத்திலும் சந்தனம் தொட்டு, அதன்மேல் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். அம்புக்குறிக்கு நேர் மேலே, நெற்றி மாதிரி இடம் பார்த்து வைத்தார். பிறகு சாரதி ஆசனத்தில் ஏறி, கண்ணாடியில் பார்த்துத் தனக்கும் வைத்துக்கொண்டார்.

தாழ்வின் கரையில் முப்பது பேர் நின்றார்கள். சங்கக்காரர், மிஸி, மிஸியின் ஊசி மருந்துப் பெட்டி, இழுப்பதற்குக் கயிறோடு யோகலிங்கத்தின் உழவு மெசின். பரமலிங்கம் இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டி, வலப்பக்க ஹப்பை ‘லொக்’ பண்ணினார். வாகனத்தைச் சுற்றி வந்து இடப்பக்க ஹப்பையும் ‘லொக்’ பண்ணினார். கோயில் சுற்றியவர் போலத் திரும்பி ஏறி, குட்டித் தடியைப் போட்டு, மெல்ல விட்டார்.

பிக்கப் இறங்கியது. பதினைந்து யார் போயிற்று. சனம் கூவியது. இருபது யார். அங்கே எஞ்சின் உறுமியது, பின்பக்கம் சேறு மழையாகக் கிளம்பியது, யோகலிங்கத்தின் வெள்ளைச் சேட்டு மண்ணிறமாயிற்று. பிக்கப் நின்ற இடத்தில் நின்றது.

“இன்னும் குடுங்கோ!” என்று சங்கக்காரர் கத்தினார்கள். கொடுத்தார். இன்னும் நாலு அங்குலம் கீழே போயிற்று.

மிஸி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி வந்து முன்சில்லைக் குனிந்து பார்த்தார். காய்ச்சல்காரனின் நாக்கைப் பார்க்கிற பார்வை.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ. பின்சில்லு பேய் மாதிரிச் சுத்துது. முன்சில்லிலை அக்கா வைச்ச பொட்டு ஆடாமல் அசையாமல் என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது.”

முழுச் சனமும் வந்து பொட்டைப் பார்த்தது. இரண்டு பக்கமும் பார்த்தது. இரண்டு பொட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி, ஒரு சொட்டுச் சேறு படாமல் மங்களகரமாக இருந்தன.

“அத்தான்ர வாகனத்துக்கு முன்சில்லு பொம்பிளை பாக்க வந்த இடத்திலை பொம்பிளை இருந்த மாதிரி” என்றான் யோகலிங்கம். “பொட்டு வைச்சிருக்கும். வாய் திறக்காது.”

சனம் சிரித்தது. பரமலிங்கமும் சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. உழவு மெசின் வந்து பிக்கப்பைப் பின்னுக்கு இழுத்துக் கரையில் விட்டது. சங்கத் தலைவர் தொண்டையைக் கனைத்தார். “அப்ப, பரமலிங்கத்தார்...” என்று தொடங்கினார். நாஸிமின் கடையும், அதற்குள் துண்டு துண்டாகத் தொங்குகிற கதவுகளும் பரமலிங்கத்தின் கண்ணுக்கு முன்னால் வந்தன.

அவர் வாகனத்தில் ஏறி, உள்ளே தொங்கிய கண்ணாடியைக் கழற்றினார். இறங்கி வந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற கமலாசனியிடம் நீட்டினார்.

“இந்தா. வெட்டக் குடுக்கிறதுக்கு முந்தி உன்ர சாமானை நீ எடுத்துக்கொள். உன்னட்டை இருந்து இதை நான் பறிச்சிருக்கக் கூடாது.”

கமலாசனி கண்ணாடியை வாங்கினார். அதில் தன் முகத்தைப் பார்த்தார். கையைக் கொஞ்சம் சரித்து, பின்னால் நிற்கிற பிக்கப்பைப் பார்த்தார். திரும்பவும் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு, யாருடனோ கோபப்படுகிறவர் மாதிரிக் கேட்டார்.

“எஞ்சின்ர இழுவை முன்சில்லுக்கு எதாலை போறது?”

“முன் ஷாஃப்டாலை.”

“அது எப்பிடி இருக்கும்?”

“ஒரு நீட்டுக் குழாய். இரண்டு பக்கமும் சிலுவை மாதிரி மூட்டு. மூட்டிலை நாலு ஓட்டையோடை ஒரு தட்டு.”

“உலக்கையிலும் கட்டையா?”

“ஓம். கிட்டத்தட்ட...” பரமலிங்கம் அதிலேயே நின்றுவிட்டார்.

“வீட்டை போய்த் துலாவைப் பாருங்கோ” என்றார் கமலாசனி. “கிணத்துத் துலான்ர வால்ப் பக்கத்திலை, பாரத்துக்கு, சாக்குச் சுத்திக் கட்டிக் கிடக்கிறது என்ன எண்டு பாருங்கோ. மல்லாவியிலை இருக்கேக்கை நீங்கள்தான் யோகனைக் கீழை விட்டுக் கழட்டுவிச்சனீங்கள். ‘ஒரு போத்தல் மிச்சம்’ எண்டு அண்டைக்கு முழுக்கச் சொல்லிச் சொல்லித் திரிஞ்சியள். ஊருக்கு வந்து துலாவிலை கட்டினதும் நீங்கள்தான். நாள் தவறாமல் நீங்கள் குளிக்கிற தண்ணியை அதுதான் தூக்குது.”

முப்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யோகலிங்கத்தின் வாய் திறந்தபடி இருந்தது; கழற்றியவனுக்கும் அந்த நேரம்தான் ஞாபகம் வந்தது.

“தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தனீ?” என்று பரமலிங்கம் கேட்டார்.

“எல்லாத்தையும் ஒண்டொண்டாக் கொண்டுபோனியள். துலாவும் போனால் வாளியை ஆர் இழுக்கிறது? கேட்டால் சொல்லுவம் எண்டு இருந்தனான். கேட்டனீங்களே?”

மிஸிதான் முதலில் பேசினார். “தலைவர் ஐயா, தாய்மார் அங்கை பின்னேரம் வரைக்கும் இருப்பினம். வாகனம் இன்னும் முழுசா வந்து சேரேல்லை. வந்து சேந்த பிறகு சோதினை வையுங்கோ.” சங்கம் மூன்று நிமிடம் கூடிக் கதைத்து, சாப்பிட்டுவிட்டு வருவதென்று முடிவெடுத்தது.

துலாவிலிருந்து சாக்கை அவிழ்த்தபோது ஷாஃப்ட் துருப்பிடித்து, ஆனால் முழுதாக இருந்தது. எட்டு போல்ட்டும் சாமிப் படத்துக்குப் பின்னால் பால்மா டின்னில் கிறீஸ் பூசிக் கிடந்தன. மிச்சம் என்கிற பெயருக்கும் ஒரு பயன் இருக்கத்தானே வேண்டும். எல்லாம் சரி, கீழே யார் படுப்பது? பரமலிங்கம் நாரியைப் பிடித்தார். கமலாசனி தம்பியைப் பார்த்தார்.

“அக்கா, நான் எதிர்க்கட்சி.”

“எதிர்க்கட்சி கீழை படு.”

யோகலிங்கம் படுத்தான். பரமலிங்கம் பலகையில் இருந்தபடி ஒவ்வொரு போல்ட்டாக எடுத்துக் கொடுத்தார். “என்ர பிழைப்பிலை நானே ஆணி அடிக்கிறன்” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “இறுக்கி முறுக்கு மச்சான்” என்று மேலேயிருந்து குரல் போயிற்று.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிக்கப் திரும்பவும் தாழ்வுக்கு வந்தது. பரமலிங்கம் வலப்பக்க அம்பைத் திருப்பினார். இடப்பக்கத்துக்குச் சுற்றிப்போக முந்தி மிஸியே குனிந்து திருப்பிவிட்டார். குட்டித் தடி விழுந்தது. பதினைந்து யார், இருபது யார். காலையில் நின்ற குழிக்குள் இறங்கியது. எஞ்சின் முனகியது. எல்லோருடைய கண்ணும் முன்சில்லில் இருந்தது. பொட்டு மெல்லச் சரிந்தது. பக்கவாட்டாய் நின்றது. தலைகீழாயிற்று. பிறகு சேற்றுக்குள் போய், வெளியே வரும்போது பொட்டு எது சேறு எது என்று தெரியவில்லை. பிக்கப் எருமை மாதிரி உடம்பைக் குலுக்கிக்கொண்டு அந்தக் கரையில் ஏறி நின்றது.

நாஸிமுக்குப் போன அறிவித்தலில், வாகனம் விற்பனைக்கு இல்லை என்றும், துலாவுக்குப் பாரமாகக் கட்ட ஏதாவது உடைந்த இரும்பு இருந்தால் அனுப்பும்படியும் இருந்தது. அது வருவதற்கு முன்னரே கழற்றிய பழைய ஹப் இரண்டையும் பரமலிங்கம் சாக்கில் கட்டித் துலாவில் தொங்கவிட்டார். கொஞ்சம் பாரம் காணாது. வாளி முந்தியைப்போல் தானாக எழும்பவில்லை. அதற்குக் கமலாசனி, “காலமை தண்ணியை நீங்களே அள்ளுங்கோ” என்றார். நாரிப்பிடிப்பு என்று சொல்லிப் பார்த்தார். துலாவில் குனியத் தேவையில்லை, இழுக்கத்தான் வேண்டும் என்று பதில் வந்தது.

கண்ணாடி குசினிக் கப்புக்கே திரும்பிவிட்டது. அதைக் கேட்கிற துணிவு பரமலிங்கத்துக்கு வரவில்லை. ஆகவே அந்த மாரி முழுக்கப் புதன்கிழமைகளில், மடியில் மருந்துப் பெட்டியோடு முன்னால் இருந்த சிவலட்சுமி மிஸிதான் அடிக்கடி கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனார்.

“அண்ணை, பின்னாலை இரண்டு மாடு. அதுக்குப் பின்னாலை உங்கட மச்சான், கயிறோடை.”

“அவன் வரட்டும்” என்றார் பரமலிங்கம்.